தந்தை பெயர் என்னும் காலிக் கட்டம்

என் மனைவியின் பிறந்தகம் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், ரீஃபம் என்னும் சிறு நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. எழுபத்தொன்பது வயதாகும் என் மாமியார், தம் தந்தைவழிப் பூட்டனார் யாருடைய மகன் என்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்டு, 1852ஆம் ஆண்டுத் திருமணச் சான்றிதழ் ஒன்றின் நகலை என்னிடம் கொடுத்தார். கிராமத்தின் பெயரையும் குடும்பப் பெயரையும் எங்கும் எழுதக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

அந்தச் சான்றிதழில் மணமகளின் தந்தை பெயரும், 'கூலி' என்று அவருடைய தொழிலும் இருந்தன. மணமகனின் தந்தைக்கான கட்டத்தில் ஒரு படுக்கைக்கோடு மட்டுமே இருந்தது. இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அன்று முதல் திருமணப் பதிவில் இரு தரப்புத் தந்தையரின் பெயரையும் கேட்டார்கள். தாய்மாரின் பெயர் இடம்பெற்றதோ 2021 மே மாதத்திலிருந்துதான். ஆகவே அந்தக் கோட்டுக்குப் பின்னால் தகப்பனோடு தாயும் சேர்ந்து மறைந்துபோயிருந்தார்.

இங்கே என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். யாரோ இணையத்தில் ஏற்றிவைத்திருந்த ஒரு வம்சாவளியில் இதே பெயர் கொண்ட ஒருவர், பூட்டனார் பிறந்த அதே 1826ஆம் ஆண்டில் பக்கத்துப் பங்கில் (ஒரு கிறித்தவக் கோயிலின் எல்லைக்குட்பட்ட ஊர்ப் பகுதியைப் பங்கு என்பார்கள்) ஞானஸ்நானம் பெற்றவராக, தாய் தந்தை பெயர்களோடு இருந்தார். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எங்கள் ஆள் தாம் பிறந்த ஊராக வேறொரு கிராமத்தைச் சொல்லியிருந்தும், பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, மாற்றிச் சொல்லியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரீஃபத்தில் மூன்று பங்குகளின் கோயில்கள் ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் நின்றிருந்தன. அவற்றில் ஒன்று 1543இல் எரிந்து பாழானது. ஒரு மதில் சுவருக்குள்ளேயே மூன்று பங்குகள் சந்திக்கும் அப்படிப்பட்ட பகுதியில், எந்தப் பங்கு என்பதை அலட்சியமாக விட்டவன் நான்.

நான்கு மாதங்கள் அந்தக் குடும்பத்தின் பின்னே சென்று, மூன்று தலைமுறைகளைக் கடந்து 1740களை எட்டினேன். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதால், 1744 என்று எழுதப்பட்ட பிப்ரவரி மாதம் நம் கணக்கில் 1745 என்பதையெல்லாம் கற்றுக்கொண்டேன். பிறகு ஒருநாள், வேறு எதையோ தேடி அந்தப் பங்கின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது, 1828இல் அதே பெயர் கண்ணில் பட்டது. வயது என்ற பத்தியில் 2 என்று இருந்தது. நான் வம்சம் கட்டிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருந்தது. பிறந்த பதிவு கிடைத்ததும் அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது இத்துறையில் அரிச்சுவடி. அதை நான் நான்கு மாதம் தாமதித்துப் படித்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, அவர் சொன்ன ஊரையே நம்பினேன். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடுகள் அச்சிட்ட கட்டங்களோடு வந்தன: நாள், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தந்தையின் தொழில், சடங்கை நடத்திய குருவின் பெயர். 1826 நவம்பரில் எங்கள் ஆளின் பெயர் கிடைத்தது. பெற்றோர் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும். தந்தையின் தொழிலை எழுத வேண்டிய கட்டத்தில் 'மணமாகாத பெண்' என்று குரு எழுதியிருந்தார். பக்கத்தில் மேலும் கீழும் கூலி, கூலி, கொல்லர், கூலி என்று இருக்க, நடுவே அந்தச் சொற்கள் மட்டும் கட்டத்துக்குள் அடங்காமல் நெருக்கி எழுதப்பட்டிருந்தன.

தகப்பனைத் தேட நாரிச்சிலுள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனாவைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் பென்சிலோடு மட்டுமே படிப்பறைக்குள் நுழைய முடியும். நான் கேட்டது கோயில் பதிவேடு அல்ல, அந்தப் பங்கின் ஏழைகள் கண்காணிப்பாளர் விட்டுச்சென்ற காகிதக் கட்டு. அக்காலத்தில் ஆதரவற்றவருக்குச் சோறு போடுவது அந்தந்தப் பங்கின் பொறுப்பு. அதற்கான வரியைக் கட்டுவோர் ஊர் நிலக்காரர்கள். தகப்பன் பெயர் தெரியாத குழந்தை தங்கள் தலையில் விழக் கூடாது என்பதற்காக, தாயை நீதிபதிகள் இருவர் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி, பெயர் சொல்லப்பட்டவனிடம் வாரப் பணம் வசூலித்தார்கள். கருணைக்காக அல்ல, கஞ்சத்தனத்துக்காக எழுதப்பட்ட காகிதம். ஆனால் எங்களுக்கு விடை கொடுத்தது அதுதான். 1834இல் ஏழைச் சட்டம் மாறி, இத்தகைய குழந்தைகளின் சுமை தாயின்மீதே போடப்பட்டது. எங்கள் ஆள் பத்தாண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் அப்படியொரு காகிதம் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பழுப்பேறிய அந்த அச்சுத் தாளில் பெயர்களுக்கும் தொகைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அடுத்த பங்கின் ஒரு பண்ணையில் வேலை செய்த ஆளின் பெயரும், வாரம் ஒரு ஷில்லிங் ஆறு பென்னி என்ற தொகையும் கையால் நிரப்பப்பட்டிருந்தன. அடியில் நீதிபதிகளின் அலங்காரக் கையெழுத்துகள் இரண்டு. அவற்றுக்கு இடப்புறம் அந்தப் பெண் இட்ட பெருக்கல் குறி, ஒரு கால் நீண்டு மை சிதறியபடி இருந்தது.

ஒரு முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது: 1841 கணக்கெடுப்பில் பையன் ஏன் அகப்படவில்லை? அந்த ஆண்டுக் கணக்கில் வீட்டாருக்குள் என்ன உறவு என்பதை எழுதவில்லை. பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தும் எழுதினார்கள். தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியபோது, அவர் 1831இல் அதே கோயிலில் ஓலை வாசித்து, அதாவது திருமண அறிவிப்பைச் சபையில் படிக்கச் செய்து, ஒரு கூலித் தொழிலாளியை மணந்திருந்தது தெரிந்தது. அந்த வீட்டின் 1841ஆம் ஆண்டுப் பட்டியலில், கணவரின் குடும்பப் பெயரோடு, வயது 15 என்று எங்கள் ஆள் இருந்தார். மணம் முடிக்கும் வயதில் தாயின் பெயருக்கே திரும்பிவிட்டிருக்கிறார்.

நகல்களை மேசையில் பரப்பி இவற்றையெல்லாம் சொன்னபோது மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகப்பனின் பெயரை விட்டுவிட்டு, பெருக்கல் குறி இருந்த தாளை மட்டும் தம் பக்கம் இழுத்து, "இவளை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமைக்குப் படிப்பறையில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.