வயரை வெட்டிவிட்டு விற்கிறார்கள்: வன்னியில் பழைய றேடியோ தேடிப் போகிறவர்களுக்கு

பின்மூடியில் சூட்டுக்கோலால் சுட்ட ஓட்டை. அதற்குள்ளால் வெளியே தொங்குகிற இரண்டு வயர். வன்னியில் ஒரு பழைய றேடியோ செற்றைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். கிளிநொச்சியில் ஒரு கடையில் நாலு செற் இருந்தது. நாலிலும் வயரை நறுக்கி, ஓட்டையைப் பசையால் அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார்கள். "வடிவா இருந்தாத்தானே அண்ணை வாங்குவினம்" என்றான் கடைத் தம்பி. விலை 18,000 ரூபா. வயரோடு இருந்திருந்தால் பேரம் பேசாமலே கொடுத்திருக்கலாம். வெட்டின பிறகு அது எந்த ஊரிலும் கிடைக்கிற பழைய செற்தான்.

அந்த வயர் ஏன் வந்தது? 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் பற்றரி கொண்டுபோக முடியாது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றையும் ஹான்டிலையும் நிலத்தில் ஊன்றி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். பின்ரயரில் உரசுகிற டைனமோவிலிருந்து செற்றுக்குக் கரண்ட் போகும். பிபிசி தமிழோசை முடியுமட்டும் ஆள்மாறி ஆள் சுற்றுவார்கள். சுற்றுகிற கை நின்றால் செய்தியும் நின்றுவிடும்.

இப்போது அதேபோல ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் நேரே வயரைக் கொழுவி செற்றை எரித்துவிடாதீர்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாட். வருவது ஏசி, செற்றுக்கு வேண்டியது டீசி. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் ஒன்றே ஒன்று போட்டால் பாட்டோடு "உர்ர்" என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். 1என்4007 டயோட் நாலை பிரிட்ஜாகக் கட்டி, பின்னால் 2,200 மைக்ரோபரட், 35 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்று போடுங்கள். டைனமோவில் ஒரு முனைதான் இருக்கும், மற்றது அதன் உடம்பு. ஆகவே டைனமோவைப் பூட்டியிருக்கிற பிடிகம்பியில் பெயின்றைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு வயரை இறுக்க வேண்டும். பாதிப் பேர் பிழைவிடுவது இங்கேதான்.

அடுத்தது வோல்ற். றேடியோ மட்டும் இழுக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம். பாரம் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் டைனமோ 6 வோல்ற்றில் நிற்காது, பல மடங்கு ஏறும். செற்றுக்குள் இருக்கிற ஐசிச் சில்லு எரிந்துபோனால் அந்தக் காலத்து ஐசி இப்போது எங்கே தேடுவது? டைனமோவுக்குக் குறுக்கே சைக்கிள் லைற் பல்ப்பைக் கழற்றாமல் விடுங்கள், மிச்சத்தை அது தின்னும். கப்பாசிற்றருக்குப் பிறகு வோல்ற்றை 6இல் பிடித்து வைக்கிற 7806 ரெகுலேற்றர் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. முதலில் மல்ரிமீற்றரை வைத்துச் சுற்றிப் பார்த்து, பிறகுதான் செற்றைக் கொழுவுங்கள். நாலு பற்றரி போடுகிற செற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு. ஆறு பற்றரி என்றால் 9 வோல்ற் வேண்டும்.

கசற் போடுவது வேறு வில்லங்கம். மோட்டருக்கு றேடியோவைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். கை களைத்து வோல்ற் இறங்கினால் மோட்டருக்குள் இருக்கிற வேகக்கட்டுப்பாடு வேலை செய்யாது. பாட்டு இழுபட்டு, பெண்குரல் ஆண்குரலாகும்.

வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போன பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆசனத்துக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி, மேலே எட்டுச் சின்னது. அம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மேலே முறுக்கி வைத்திருந்ததால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, ஒவ்வொரு தாளத்துக்கும் "பர்ர்" என்று கிழிந்தது. அப்படி ஓட்டினால் சின்ன ஸ்பீக்கர்களின் சுருள் கருகும். எட்டில் அஞ்சு ஏற்கெனவே செத்துவிட்டது. ஒட்டுசுட்டான் தாண்டுமட்டும் தலை வெடித்தது. இறங்கின இடத்தில் ஓட்டோக்காரர் மூன்று கிலோமீற்றருக்கு 1,500 கேட்டார். அநியாயம். முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் சந்தியில் நின்றால் பஸ் வரும், பொறுத்திருங்கள். மிச்சக் காசில் செற்றில் கசற்றைச் சுற்றுகிற புது ரப்பர் பெல்ற்றே வாங்கலாம்.

அந்த எரிச்சலெல்லாம் முல்லைத்தீவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தீர்ந்தது. குத்தரிசிப் பிட்டு, நந்திக்கடல் இறால் குழம்பு, கடைசியில் முட்டியோடு எருமைத் தயிர். இறாலைத் தலையோடு போட்டிருந்தார்கள், தலையில்தான் குழம்பின் ருசி. இதற்காகவே இன்னொருமுறை போகலாம். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போனால் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குங்கள். சுடச்சுட வறுத்த சரையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

செற் வாங்கும்போது பற்றரி அறையைத் திறவுங்கள். வெள்ளைப் பூப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பழைய சிங்க் கார்பன் பற்றரி கசிந்ததென்றால் அது அமிலம், அப்பச்சோடாக் கரைசலால் துடைத்தால் போகும். அல்கலைன் கசிவென்றால் வினாகிரி. பெல்ற் எப்படியும் உருகித் தாராகியிருக்கும். அதை ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு கப்பியிலிருந்து முழுக்க எடுக்காமல் புதுசு போட்டால் வழுக்கும். அளவு தெரியாவிட்டால் பெல்ற் ஓடுகிற பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட நூற்றுக்கு அஞ்சு முதல் பத்து வரை குறைவான சுற்றளவில் வாங்குங்கள். அதைவிட இறுக்கமானால் மோட்டரின் புஷ் தேயும். மோட்டரே மாற்றுவதென்றால் வோல்ற் பார்த்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள்.

இடம்பெயரும்போது பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டு, மீளக்குடியேறின பிறகு கிண்டியெடுத்த கசற்றுகளும் கைக்கு வரும். ஆசையில் உடனே போட்டுவிடாதீர்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் அது நாடாவைப் படிக்கிற ஹெட்டிலும் அடுத்தடுத்த கசற்றிலும் தொற்றும். முகத்தை மூடிக்கொண்டு வெளியில் வைத்து உலர்ந்த பஞ்சால் துடைத்து, இரண்டு சுருளையும் ஸ்குறூ போட்ட வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். நாடாவின் அகலம் நாலு மில்லிமீற்றருக்கும் குறைவு, முறுக்குப்பட்டால் அதன் பின்பக்கம் ஹெட்டில் பட்டு ஓடும். நடுவில் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கிற சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கும். பழைய கூட்டில் தேடுங்கள், அநேகமாக மூலையில் கிடக்கும். அறுந்த இடத்தைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டவே கூடாது. அதன் பசை ஊறி அடுத்த சுற்றையும் பிடிக்கும்.

செற் தேடிப் போகிற வீடுகளில் வேறு பெட்டிகளும் திறக்கும். கண்ணாடிப் போளை, தீப்பெட்டிப் படம், முத்திரைக் கொப்பி. போளைக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் அதுதான் வடிவு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சேர்த்த வெற்றுத் துவக்குச் சன்னக் கோதுகளும் காட்டுவார்கள். அதை வாங்க வேண்டாம். காணியில் கிடக்கிற எந்த உலோகத்தையும் குனிந்து எடுக்கவும் வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கிற இடத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

கொண்டுவரும்போது பற்றரியைக் கழற்றி, துவாயில் சுற்றி, மடியில் வையுங்கள். கசற் பையை பஸ்ஸின் இன்ஜின் மூடிமேல் வைத்தால் சூட்டில் கூடு நெளியும். ஆசனத்துக்குக் கீழே தள்ளினால் அந்த ஸ்பீக்கரின் காந்தம் நாடாவில் இருப்பதை அழித்துவிடக்கூடும்.