ரெண்டாவது மொழியில ஒரு போட்டி
பெண் வேஷம் கட்டி மேடையில கலக்குற டிராக் கலைஞர்களுக்கான டிவி போட்டியான கனடாஸ் டிராக் ரேஸ்ல, பிரெஞ்ச் பேசுற கியூபெக் மாகாணத்துல இருந்து வர்றவங்களுக்கு மேக்கப், டிரெஸ் எல்லாத்துக்கும் மேல இங்கிலீஷ்னு தனியா ஒரு டாஸ்க் இருக்குங்க. சொந்த மேடையில பிரெஞ்ச்ல பொளந்து கட்டறவங்க இங்க அரை செகண்ட் வார்த்தை தேடுனா போதும், காமெடி காலி. அப்படியிருந்தும் 2020ல கியூபெக்கோட மான்ட்ரியல் நகரத்து ரீட்டா பாகா, பிரபலங்க மாதிரி நடிச்சு சிரிக்க வைக்கிற ஸ்னாட்ச் கேம் சுத்துல பிரெஞ்ச் பாடகி எடித் பியாஃப் வேஷம் போட்டு, அந்த பிரெஞ்ச் உச்சரிப்பையே ஆயுதமாக்கி கலக்குனாங்க பாருங்க, புல்லரிச்சுப் போச்சு, ஃபைனல் வரைக்கும் வந்தாங்க! 2022ல அதே மான்ட்ரியல்ல இருந்து வந்த ஜிசெல் லல்லபி டைட்டிலையே தட்டிட்டுப் போனாங்க. ஆனா இங்கிலீஷ்காரங்கள பிரெஞ்ச்ல ஆடச்சொல்லி யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. ரெண்டுமே ஆட்சி மொழின்னு சட்டம் சொல்ற நாடுங்க அது. சப்டைட்டில் போட்டு அவங்கவங்க மொழியிலயே பேச விட்டா என்னவாம்?