புல்வெளிக்கு மறுவிதைப்பு: வசந்தம் வரை காத்திருக்க வேண்டாம்

கோடையில் கருகி அங்கங்கே சொட்டை விழுந்த புல்வெளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, "சரி, வசந்தம் வரட்டும், அப்போது விதை போட்டுக்கொள்ளலாம்" என்பதுதான். வேண்டாம். ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் மாதிரி குளிர்ப் பகுதிப் புற்களுக்கு இலையுதிர் காலத்தின் தொடக்கம்தான் நல்ல பருவம். (பெர்முடா, ஜோய்சியா போல வெப்பம் விரும்பும் புல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவற்றை வசந்தத்தின் கடைசியில் விதைக்க வேண்டும்.)

காரணம் எளிது. கோடையில் மண் வாங்கிய சூடு காற்று குளிர்ந்தவுடன் போய்விடாது. மண்ணின் வெப்பம் சில வாரங்களுக்கு 10 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். விதை முளைக்க அது போதும், முளைத்ததைத் தீய்க்கிற வெயிலும் இருக்காது. அப்புறம் களை. கிராப்கிராஸ் போன்ற ஒரு பருவக் களைகள் உறைபனி விழுந்ததும் செத்துவிடும். வசந்தத்தில் விதைத்தால் அவையும் கூடவே முளைத்து இடத்தைப் பிடிக்கும், அதற்காகக் களை முளைக்காமல் தடுக்கும் மருந்தைத் தெளித்தாலோ, களை விதை எது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விதை எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தடுத்துவிடும். ஒரே நிபந்தனை, முதல் உறைபனிக்குக் குறைந்தது 45 நாளாவது முன்னால் விதைத்துவிட வேண்டும்.

இருக்கிற புல்லின் மேல் விதையை அள்ளித் தூவிவிட்டு வருவது பறவைகளுக்குத் தீனி போடுவதுதான். விதை மண்ணைத் தொட வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அடுத்தது. முதலில் புல்லை 4, 5 சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டி, வெட்டியதை அள்ளிவிடுங்கள். பிறகு அடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும் காய்ந்த வேர், தண்டுகளை ரேக்கால் அழுத்தி வாருங்கள், கீழே மண் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். முதுகு வலிக்கும். மண் இறுகிக் கிடந்தால் சிறு சிறு உருளைகளாக மண்ணைப் பிடுங்கி எடுக்கும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது நல்லது. வெறும் ஆணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது ஓட்டையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும்தான் இறுக்கும். தூவிய பிறகு ரேக்கைத் திருப்பிப் பிடித்து லேசாக இழுத்துவிட்டால் போதும். அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்க வேண்டாம். விரும்பினால் சலித்த மக்கிய உரத்தை மெல்லிசாகத் தூவலாம்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீர் விஷயத்தில்தான். ரைகிராஸ் ஒரு வாரத்திலேயே முளைத்துவிடும். ஃபெஸ்க்யூவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். கென்டக்கி புளூகிராஸ் இரண்டு வாரமும் எடுக்கும், நான்கு வாரமும் எடுக்கும். கடையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இவையெல்லாம் கலந்தே இருக்கும். ஆக, முதல் வாரம் பச்சை தெரிந்ததும் "முளைத்துவிட்டது" என்று குழாயை மூடினால், பாதி முளைவிட்டு நிற்கும் புளூகிராஸ் காய்ந்து போகும், ஒரு முறை முளைவிட்டுக் காய்ந்த விதை திரும்பப் பிழைக்காது. வேர்த்தண்டு ஓட்டிப் பக்கத்துச் சொட்டையைத் தானாக மூடுவதும் அதே புளூகிராஸ்தான், ரைகிராஸ் நட்ட இடத்தில் கொத்தாகவே நிற்கும். அதனால் முழுக்க முளைக்கிற வரை தினமும் இரண்டு மூன்று தடவை, மேல்மண் ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும், தேங்கி ஓடாமல் லேசாகத் தெளியுங்கள். நன்றாக முளைத்த பிறகு தடவையைக் குறைத்து, ஆழமாக ஊறும்படி விடலாம்.

உதிர்கிற இலைகள் தனித் தொல்லை. ஈர இலை நாலு நாள் மேலே கிடந்தால் அடியில் இருக்கும் நாற்று வெளிச்சமில்லாமல் வெளுத்து அழுகும். ஆனால் முரட்டுத்தனமாக வாரினால் நாற்றும் கையோடு வந்துவிடும், எனவே காய்ந்த நேரத்தில் ஊதுகருவியைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தள்ளிவிடுவதே மேல். புல் 8, 9 சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டு, அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடு கூர்மையாக இல்லையென்றால் வெட்டுவதற்குப் பதில் வேரோடு பிடுங்கும்.

உறைபனிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் இப்போது தூவாதீர்கள், முளைத்த நாற்று குளிரைத் தாங்காது. மண் 4 டிகிரிக்குக் கீழே போகிற வரை பொறுத்திருந்து போடுங்கள். விதை முளைக்காமல் அப்படியே தூங்கி, மண் சூடேறும்போது எழும். கொஞ்சம் விதை வீணாகும், அதனால் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூவுங்கள்.