பதினாறாவது இலக்கம்

எங்கள் சங்கத்தின் கல்வி உதவித்தொகைப் பட்டியலை எக்ஸெலில் சரிபார்க்கும் பொறுப்பு இந்த ஆண்டும் என்னிடம் இருந்தது. ஒரே வங்கிக் கணக்கு இருமுறை வந்துள்ளதா என்று அறிய, வழக்கம்போல், ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப் ஃபார்முலாவை இட்டேன். ஓரிடத்தில் 2 என்று விடை வந்தது. இரட்டைப் பதிவு என்று கருதி ஒரு மாணவியின் பெயரை நீக்கவிருந்த வேளையில், ஏதோ தோன்றி இரு எண்களையும் விரல் வைத்துப் படித்தேன். முதல் 15 இலக்கங்கள் ஒன்றாகவே இருந்தன. 16ஆவது மட்டும் வேறு.

எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் கணக்கு எண்களை நான் டெக்ஸ்ட் வடிவில் சேமித்திருந்தேன். ஆனால் எண்போலத் தோன்றும் டெக்ஸ்டையும் கவுண்ட்இஃப் எண்ணாக மாற்றியே ஒப்பிடுகிறது என்பதும், அப்போது கடைசி இலக்கம் விடுபட்டுப்போகிறது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஃபார்முலா பிழை எதையும் காட்டாமல் தவறான விடையைத் தந்ததுதான் என்னைக் கலங்கவைத்தது.

இதற்குத் தக்கது எக்ஸாக்ட் என்ற ஃபார்முலா. அது இரு செல்களில் உள்ளவற்றையும் டெக்ஸ்டாகவே கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும், சமக்குறியோ அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். எக்ஸாக்ட் தரும் உண்மை, பொய் விடைகளை முன்னால் இரண்டு கழித்தல் குறிகள் இட்டு 1, 0 ஆக்கி, சம்ப்ராடக்ட் என்ற ஃபார்முலாவால் கூட்டினால், நெடுவரிசை முழுவதிலும் அந்த எண் எத்தனை முறை வருகிறது என்பது சரியாகக் கிடைக்கிறது. வால்போல ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை மட்டும் முதலில் டிரிம் கொண்டு நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் ஒரே எண்ணும் இரண்டாகத் தெரியும்.

தொகைகளை ஒப்பிடும்போது சிக்கல் வேறு. 43.1இலிருந்து 43.2ஐக் கழித்து 1ஐக் கூட்டி, அது 0.9க்குச் சமமா என்று கேட்டால் எக்ஸெல் பொய் என்கிறது, ஏனெனில் கணினி எண்களைச் சேமிக்கும் இரும முறையில் (0, 1 மட்டும் கொண்டது) இந்தத் தசமங்கள் முழுமையாக அடங்குவதில்லை. அங்கே ரவுண்டால் இரண்டு தசமத்துக்குத் திருத்திய பின் ஒப்பிடுகிறேன்.

முந்தைய இரண்டு ஆண்டுகளில் இரட்டைப் பதிவு என்று ஒதுக்கப்பட்ட விண்ணப்பங்களையும் கோப்பிலிருந்து எடுத்து, எக்ஸாக்ட் கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவை அனைத்தும் உண்மையிலேயே இருமுறை வந்தவைதாம் என்று உறுதியான பிறகே இந்த ஆண்டுப் பட்டியலைச் செயலாளரிடம் ஒப்படைத்தேன்.