சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தின் விசைகளைக் கணித்த அனுபவம்

அகலப் பாதையில் ஓடும் சரக்கு வேகன் ஒன்றின் பக்கவாட்டு ஆட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்துவதே முதுநிலைப் படிப்பின் திட்டப்பணியாக எனக்கு அமைந்தது. சக்கரங்களைத் தாங்கும் சட்டகமான போகிக்கும் வேகன் உடலுக்கும் இயக்கச் சமன்பாடுகளை எழுதுவது வழக்கமான வேலைதான். உழைப்பில் பெரும்பங்கைக் கேட்டது, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் சிறு பரப்பு.

22.9 டன் அச்சுச் சுமையில் ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 112 கிலோநியூட்டன். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரமும் 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள தண்டவாளத் தலையும் தொடுவதாகக் கொண்டு ஹெர்ட்ஸின் 1882ஆம் ஆண்டுக் கோட்பாட்டைப் பயன்படுத்தினால், சுமார் 1.3 சதுர சென்டிமீட்டர் நீள்வட்டமும் 1,200 மெகாபாஸ்கலைத் தாண்டும் உச்ச அழுத்தமும் கிடைக்கின்றன. அந்தப் பரப்பின் முன்பகுதி தண்டவாளத்தோடு ஒட்டியும் பின்பகுதி வழுக்கியும் நகர்வதால், கூலும் உராய்வு விதியை மட்டும் வைத்து விசையைக் கணிக்க இயலாது. சக்கரத்தின் நுண்ணிய நழுவல் வேகத்தை வண்டியின் வேகத்தால் வகுத்த கிரீப்பேஜ் என்ற விகிதமே விசையை நிர்ணயிக்கிறது. 1926இல் கார்ட்டர் இரு பரிமாணத்தில் தீர்த்த இச்சிக்கலை, நெதர்லாந்தின் கால்கர் முப்பரிமாணத்துக்கு விரித்தார்.

கால்கரின் முழுக் கோட்பாட்டை ஒவ்வொரு காலப்படியிலும் எல்லாச் சக்கரங்களுக்கும் தீர்ப்பது என் கணினிக்குத் தாங்காது என்பதால், அவரே 1982இல் வெளியிட்ட ஃபாஸ்ட்சிம் என்ற எளிமையாக்கிய விரைவு முறையை எடுத்துக்கொண்டேன். நீள்வட்டத்தை உருளும் திசையில் பட்டைகளாக வெட்டி, முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி உராய்வுத் தகைவைக் கூட்டிக்கொண்டே சென்று, உராய்வுக் கெழுவும் அழுத்தமும் சேர்ந்து விதிக்கும் வரம்பை அது மீறும் இடத்தில் வெட்டிவிட வேண்டும். நிரலாக எழுதினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இம்முறையின் சிக்கனத்தை இன்றும் வியக்கிறேன்.

உண்மையான பாடு வடிவியலில் இருந்தது. தேய்ந்த சக்கரத்தின் அளவீட்டுப் புள்ளிகளை இருமுறை வகையிட்டால்தான் வளைவு கிடைக்கும். அளவீட்டில் உள்ள மைக்ரான் அளவுச் சிலும்பலும் அங்கே பூதாகரமாகிவிடும். மென்மையாக்கிய ஸ்ப்ளைன் வளைவைப் பொருத்திய பிறகும், சக்கர இணை (ஒரே அச்சில் பொருத்திய இரு சக்கரங்கள்) பக்கவாட்டில் சற்று நகர்ந்ததுமே தொடுபுள்ளி ஓடுபரப்பிலிருந்து, சக்கரத்தின் உள்விளிம்பில் துருத்தி நிற்கும் ஃபிளாஞ்சுக்குத் தாவியது. அத்தாவலை ஓட்டத்தின் நடுவே தேடுவதைக் கைவிட்டு, பக்கவாட்டு இடப்பெயர்ச்சிக்கு ஏற்பத் தொடுபுள்ளிகளை முன்கூட்டியே அட்டவணையாக்கி, இரு புள்ளிகளில் தொடும் நிலையைத் தனியாகக் கையாண்டபோதுதான் கணக்கு நிலைபெற்றது.

வேகம் குறையும்போது வேறொரு தொல்லை எழுந்தது. கிரீப்பேஜ் விகிதத்தில் வகுக்கும் எண்ணாக வண்டியின் வேகம் இருப்பதால், வண்டி மெதுவாகும்தோறும் சமன்பாடுகள் எண்முறையில் தீர்க்கக் கடினமான 'விறைப்பு' நிலையை அடைந்து, காலப்படியை மிகவும் சுருக்க வேண்டியிருந்தது. அடுத்த காலப்படியின் மதிப்புகளையும் சேர்த்தே தீர்க்கும் உள்ளுறை தொகையிடல் முறைக்கு மாறியதும் அது ஓரளவு அடங்கியது.

முடிவுகளை நம்புவதற்கு முன், ஓடுபரப்பில் 1:20 சரிவுள்ள புதிய சக்கர இணையை மட்டும் தனியே மெதுவாக உருட்டிப் பார்த்தேன். கிளிங்கெல் 1883இல் தந்த சூத்திரப்படி அது பக்கவாட்டில் நெளிந்து செல்லும் பாதையின் அலைநீளம் ஏறத்தாழ 18.6 மீட்டர் இருக்க வேண்டும். நிரலும் அதற்கு நெருக்கமாகவே காட்டியது. கிரீப்பேஜ் பெரிதானபோது விசை உராய்வு வரம்பில் போய் நின்றது. ஃபிளாஞ்ச் ஏறித் தடம்புரளும் அபாயத்தை நாடலின் சூத்திரத்தோடு ஒப்பிட்டேன். ஃபிளாஞ்சின் சரிவு 70 பாகை, உராய்வுக் கெழு 0.3 எனில், பக்கவாட்டு விசைக்கும் செங்குத்து விசைக்கும் உள்ள விகித வரம்பு 1.34. தேய்ந்த வடிவத்தைச் செலுத்தியபோது, நெளிவு ஆட்டம் புதிய சக்கரத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே தொடங்கியது. உராய்வுக் கெழுவை ஒற்றை எண்ணாகத் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், அறிக்கையில் ஈரத் தண்டவாளத்துக்கும் உலர்ந்ததற்கும் தனித்தனி வரைபடங்களைச் சேர்த்தேன்.