நெட்டச்சி நாட்குறிப்பு, சுங்கை சிப்புட், மலேசியா

மார்ச் 5, செவ்வாய்

டயாலிசிஸ்ல மூணாவது மணி நேரத்துல அப்பாவுக்கு பிரஷர் எறங்கிருச்சு. நர்ஸ் வந்து தல பக்கம் தாழ்த்தி கால தூக்கி விட்டாங்க. கால்ல கட்டுன துணி ஈரமா இருந்துச்சு, அத பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

எங்க நாடகக் குழு அண்ணன் வாட்சாப் அனுப்பியிருக்காரு. "சயாம திரும்ப எடுக்கலாமா?" எங்க பழைய சயாம் நாடகத்த சொல்றாரு. அவ்ளோதான். நல்லா இருக்கியா, அப்பா எப்படி, ஒண்ணும் கிடையாது. அவரு எப்பவும் அப்படித்தான்.

மார்ச் 6, புதன்

தூக்கம் வரல.

அந்த பழைய நிசான் வேன்ல பின் சீட்ட கழட்டிட்டு மூங்கில போட்டு அதுக்கு மேல நாங்க உக்காந்து போவோம், குலுங்குனா மூங்கில் தொடைய கடிக்கும், தாப்பா பீடோர் ஸ்லிம் ரிவர்னு போய்ட்டு விடியகாலைல ஈப்போ வழியா திரும்புவோம், தமிழ்ப்பள்ளியில மேசைய சேத்து போட்டு படுப்போம், சாடின் டின்னும் ரொட்டியும் சாப்பாடு. குழுல பொம்பள புள்ள நானும் ஜோகூர்க்காரி ஒருத்தியும் தான். தோட்டத்துல ஆபிஸ் கணக்கு பாக்குற பெரிய கிராணி பொண்டாட்டி எங்க ரெண்டு பேரையும் மட்டும் வீட்டுக்குள்ள கூப்பிட்டு குளிக்க சொல்லுவாங்க, அப்படியே விசாரணையும் நடக்கும். "அப்பா விட்டாரா?" விடல ஆண்ட்டி. ஓடி வந்துட்டேன்.

மேடை வேணாம், லைட் வேணாம், டிக்கெட் வேணாம். தோட்டத்துல காலைல ஆள் கணக்கு எடுக்குற பெரட்டு களம் போதும், சுத்தி ஜனம் உக்காரும், கடைசில துண்டு விரிப்போம். கல்கத்தால நாடகக்காரர் பாதல் சர்க்கார் அப்படித்தான் செஞ்சாருன்னு அண்ணன் சொல்லுவாரு. பாதல் தொழிலுக்கு நகரமைப்பு இஞ்சினியர், மேடைய விட்டுட்டு ஜனத்துக்கு நடுவுல வந்தவரு. எங்களுக்கு அதெல்லாம் அப்ப ஏறல. துண்டுல எவ்ளோ விழுந்துச்சு, பெட்ரோலுக்கு பத்துமா, அதான் கவல.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. அம்மா கோயிலுக்கு போய்ட்டாங்க. அப்பாவ நான் ஒரே ஆளா பாத்ரூமுக்கு கொண்டு போனேன். இடுப்பு போச்சு.

மார்ச் 9, சனி

மைவி கார்ல இருந்து வீல்சேருக்கு மாத்த நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம். அம்மா என் தோளுக்கு கூட இல்ல. பாரம் பூரா என் பக்கம் சாயுது.

உடனே அந்த தாத்தா ஞாபகம் தான். எழுதணும். இன்னைக்கு முடியல.

மார்ச் 10, ஞாயிறு

97ல பாகான் செராய் பக்கம் ஒரு தோட்டம். புகமூட்டம் உச்சத்துல இருந்த சமயம், பத்து அடிக்கு அந்தாண்ட ஆள் தெரியாது, எங்க எல்லாருக்கும் தொண்ட கட்டி போச்சு, அதனால வசனத்த எல்லாம் வெட்டிட்டு உடம்ப மட்டும் வச்சு போடுறோம்னு அண்ணன் முடிவு பண்ணிட்டாரு. சயாம் நாடகம். 415 கிலோமீட்டர் சயாம் பர்மா ரயில் பாத, 42ல ஆரம்பிச்சு 43 அக்டோபர்ல முடிஞ்சது, சப்பான்காரன் தோட்டம் தோட்டமா லோரில ஏத்திட்டு போனான் நம்ம ஆளுங்கள. காஞ்சனபுரியில வெள்ளக்கார கைதிங்களுக்கு பேரு போட்ட கல்லறை வரிச வரிசையா இருக்கு, கிட்டத்தட்ட ஏழாயிரம். நம்மவங்க அங்கங்க குழில. வாந்திபேதி வந்தப்ப மொத்தமா போட்டு எரிச்சாங்க. இத யாருக்கும் பாடம் எடுக்கல நாங்க, சிலிப்பர் கட்டைக்கு பதிலா மூங்கில தூக்கிட்டு களத்த சுத்தி சுத்தி நடப்போம், ஒவ்வொருத்தரா விழுவோம், அவ்ளோதான் நாடகம்.

ஒரு ரூல் உண்டு. பாக்குறவங்க யாரு வேணாலும் "நிறுத்து"ன்னு கத்தலாம், கத்துனா நாங்க நிக்கணும், கத்துனவங்க உள்ள வந்து செஞ்சு காட்டணும். பிரேசில் நாட்டு நாடகக்காரர் போவால்னு ஒருத்தர் கொண்டு வந்தது, 71ல அவர சொந்த நாட்லயே புடிச்சு ஜெயில்ல போட்டாங்க, வெளிய வந்ததும் நாட்ட விட்டே போய்ட்டாரு. எங்க ஊர்ல ஒருத்தரும் கத்துனது இல்ல. மரியாதையா உக்காந்து பாப்பாங்க, முடிஞ்சா வரக்கோப்பி குடுப்பாங்க.

அன்னைக்கு ஒரு தாத்தா எந்திரிச்சாரு. கத்தல, கைய மட்டும் தூக்குனாரு. உள்ள வந்து என்கிட்ட இருந்த மூங்கில வாங்குனாரு. "எல்லாரையும் ஒரே ஒயரமா நிக்க வச்சிருக்கீங்க. அப்படியா நின்னோம்? குட்டையனும் நெட்டையனும் கலந்து தான் நிப்போம். குட்டையன் தோள்ல கட்ட படவே படாது, நெட்டையன் தோள்ல தான் மொத்தமும் எறங்கும்." அப்புறம் இடுப்பு துண்ட சும்மாடு மாதிரி சுருட்டி குட்டையா இருந்த பையன் தோள்ல வச்சாரு. "தெரிஞ்ச குட்டையன் இப்படி ஏத்திப்பான். தெரிஞ்ச நெட்டையன் முட்டிய மடக்கி நடப்பான், நாள் பூரா." நடந்து காட்டுனாரு. எழுவது வயசுக்கு மேல இருக்கும். முட்டி மடங்கி, முதுகு நேரா, அந்த பொகைல ஒரு சுத்து. போய் உக்காந்துட்டாரு.

அதுக்கப்புறம் எல்லா ஊர்லயும் நான் முட்டிய மடக்கி தான் நடந்தேன். அண்ணன் வச்ச பேரு தான் நெட்டச்சி.

மார்ச் 12, செவ்வாய்

நோன்பு தொடங்கிருச்சு. சென்டர்ல பக்கத்து பெட் மலாய்க்கார பாக்சிக் மெஷின்ல இருந்துகிட்டே என்னைய பசியாற போ போன்னு வெரட்டுறாரு.

புண்ண பாத்துட்டு டாக்டர் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்துட்டாரு.

மார்ச் 13, புதன்

அண்ணன் ரெண்டாவது மெசேஜ். பெர்மிட்டுக்கு ஸ்கிரிப்ட் கேக்குறாங்களாம், மலாய்ல. ஸ்கிரிப்டே இல்லாத நாடகத்துக்கு! அப்பவும் ஒரு ஆபிஸ்ல இதே கூத்து, கடைசில "மூங்கிலைத் தூக்குகிறார்கள். நடக்கிறார்கள். விழுகிறார்கள்"னு மலாய்ல மூணு பக்கம் நான் தான் டைப் அடிச்சு குடுத்தேன். சாப் குத்தி குடுத்தாங்க.

அது சரி, எங்க போடுவாராம்? களம் இருந்த எடத்துல எல்லாம் செம்பனை, இல்லனா தாமான் வீடுங்க. லயத்த இடிச்சி எவ்ளோ வருசம் ஆச்சு. மால்ல போடுவாரா? போட்டாலும் போடுவாரு.

கோவமா வருது, எதுக்குன்னு தெரியல.

மார்ச் 14, வியாழன்

அந்த மூங்கில்ல ரெண்டு நம்ம வீட்லயே இருக்கு, பின்னாடி அம்மா துணி காயப்போடுறாங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "ஒங்கப்பாதான் எடுத்து வச்சாரு, நல்ல மூங்கிலாச்சேன்னு."

மார்ச் 16, சனி

அம்மா இன்னொன்னு சொன்னாங்க, வெங்காயம் உரிச்சிக்கிட்டே, சாதாரணமா. அப்பா என்னைய போகக்கூடாதுன்னு அடிச்சது கூத்தாடின்னு ஊரு பேசும்னு இல்லயாம். பாட்டிக்காகவாம். பாட்டியோட மொத புருசன் சயாமுக்கு போனவரு. பாட்டி ரொம்ப வருசம் தோட்டத்து ஆபிஸ்ல போய் பேரு கேட்டுட்டு கேட்டுட்டு வந்தவங்களாம். அப்புறம் தான் தாத்தாவ கட்டுனது, அப்பா பொறந்தது. நம்ம தோட்டத்துல மட்டும் அந்த நாடகம் நடக்கக் கூடாதுன்னு அப்பா மானேஜர் வரைக்கும் போய் நிறுத்துனாராம்.

மண்டோர் அப்பா தான், கங்காணி வேல. அவரு சொன்னாருன்னு தான் இடம் குடுக்கலன்னு எங்களுக்கு அப்பவே தெரியும், வேன்ல அவர வச்சு பாட்டே கட்டுனோம். நானும் தான் பாடுனேன்.

இத ஏன் யாருமே என்கிட்ட சொல்லல? இருவது வருசத்துக்கு மேல. அம்மா வெங்காயம் உரிக்கிறாங்க. அப்பா டிவி பாக்குறாரு. நல்ல குடும்பம்லா நம்மளுது.

மார்ச் 17, ஞாயிறு

அப்பாகிட்ட கேட்டேன். "அது பழைய கத, விடு பாப்பா"ன்னாரு. கொஞ்சம் கழிச்சு அவரா, "அந்த நாடகத்துல சம்பளம் பாக்கி வருதா? போனவனுக்கும் குடுக்கல, இருந்தவளுக்கும் குடுக்கல, அத போட்டீங்களா?"

போடல ப்பா.

"அப்புறம் என்னா நாடகம்."

மார்ச் 18, திங்கள்

அண்ணனுக்கு போன் பண்ணி சம்பள பாக்கி விசயத்த சொன்னேன். அரை மணி நேரம் பேசுனாரு. நான் வர்றேனா இல்லையான்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்ச கையோட ஈப்போ. ஃபைல், ஐசி, இன்சுலின், சாரோங் ரெண்டு. கால் வெரல் மட்டுமா முட்டிக்கு கீழ வரைக்குமான்னு அங்க பாத்து தான் சொல்லுவாங்களாம். முட்டிக்கு கீழன்னா கையெழுத்து போட மாட்டேன்னு அப்பா இப்பவே சொல்லிட்டாரு, அம்மா அழுவுறாங்க, தம்பி ஜோகூர் பாருல இருந்து வர்றேன்னவன் இன்னும் பஸ் டிக்கெட் எடுக்கல