வராதவர் பக்கம்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மனநல வேலை செய்கிறவர்களின் கையில் இன்னொரு வருடத்துக் கொப்பி முடிகிறது. முன்னாலிருந்து எழுதுவது கிளினிக்குக்கு வந்தவர்களின் கணக்கு. மாத அறிக்கைக்குப் போவது அதுதான். பின்னட்டையிலிருந்து திருப்பி எழுதிக்கொண்டு வருவது வராதவர்களின் கணக்கு. அதை மேலே யாரும் கேட்பதில்லை. ஆனால் வருடக் கடைசியில் உட்கார்ந்து படிக்க வேண்டியது அந்தப் பின்பக்கத்தைத்தான்.

அதற்கு நான்கு கோடுகள் போதும் என்று ஆரம்பிக்கலாம். பெயரும் டிவிசனும் லய (வரிசைக் குடியிருப்பு) இலக்கமும் ஒன்று. வர வேண்டிய திகதி, மாத்திரை முடியும் திகதி, வராத காரணம் என்று மற்றவை. மூன்றாவது கோட்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 28 நாளைக்கு மாத்திரை கொடுத்தாகிறது. நடுவில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்து அடுத்த கிளினிக் 35ஆம் நாளுக்குத் தள்ளிப்போகிறது. அந்த மனுஷி சொன்ன திகதிக்கு ஒழுங்காக வந்துமிருக்கிறாள், ஒரு வாரம் மாத்திரை இல்லாமலும் இருந்திருக்கிறாள். திகதிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் இது கண்ணில் படும்.

காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "ஒத்துழைப்பில்லை" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாமல் போகும். "பேரு போயிரும்" (அன்றைய நாள் சம்பளம் போய்விடும்), "சொகமாயிருச்சு", "கை ஓடல", "சாமி பாத்தாச்சு" என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை இருக்கிறது என்று தெரியும்.

இதில் அதிகம் தவறவிடப்படுவது "கை ஓடல" என்பது. சித்தப்பிரமை போன்ற நோய்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃபுளுஃபெனசின் ஊசியும், சில பழைய மாத்திரைகளும் உடம்பை இறுக்கும். நடை சுருங்கும், முகம் அசையாது, விரல் மெதுவாகும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது ஒரு தொந்தரவு; கொழுந்து எடுக்கிறவளுக்கு அது சம்பளம். விரல் மெதுவானால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும். அடுத்த ஊசிக்கு அவள் வர மாட்டாள். வீட்டார் சோம்பேறித்தனம் என்பார்கள், கங்காணியும் அதையே சொல்வார். கிளினிக்கில் "ஏதும் கஷ்டம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது, "அக்கா, ஊசி போடுறதுக்கு முன்னாடி எத்தன கிலோ எடுத்தீங்க, இப்ப எத்தன?" என்று. பத்துப் பதினைந்து நாள் கிலோக் கணக்கை எழுதிக் கொடுத்தால் டொக்டருக்கு அதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது. ஊசியின் அளவைக் குறைக்கலாம், இறுக்கத்தைக் குறைக்கும் பென்ஸ்ஹெக்சோல் சேர்க்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். பார்வைக்குச் சின்னக் கேள்வி. ஆனால் பின்பக்கத்திலிருந்து ஒருவரை முன்பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

மலை வேலைக்கென்றே பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. சித்தப்பிரமைக்கான குளோர்ப்ரோமசின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் எரியும். தலைத்துணி, நீளக்கை கட்டாயம். அதே மருந்து திடீரென்று எழும்பும்போது தலைசுற்றவும் வைக்கும். கூடையோடு சரிவில் நிற்கிறவருக்கு அது விழுகிற ஆபத்து. அதே வகை நோய்களுக்கான ஒலன்சபின் தூக்கம் தரும். "ராவைக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேலையெல்லாம் முடித்துப் பத்து மணிக்கு விழுங்குவார்கள். காலையில் ஐந்துக்கு முன் எழும்பித் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பிரட்டுக்கு (காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள் அவர்கள். ஏழரைக்குச் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னால் காலை மயக்கம் பெரும்பாலும் குறையும்.

மாத்திரை வரும் காகித உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஆங்கிலத்தில் மருந்தின் பெயர், கீழே பேனையால் கிறுக்கிய ஒரு குறிப்பு. மூன்று உறை, மூன்றும் ஒரே நிறம். லயத்து ஈரத்தில் ஒரு மாதம் இருந்தால் எழுத்தும் ஊறிப்போகும், மாத்திரையும் பூக்கும். கொடுக்கும்போதே உறையில் சூரியனோ பிறையோ வரைந்து, அதற்குப் பக்கத்தில் எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். பிறகு மூடியுள்ள போத்தலில் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும். விளங்கியதா என்று கேட்காமல், "இத எப்புடி எடுப்பீங்க, சொல்லுங்க பாப்பம்" என்று திருப்பிச் சொல்ல வைத்தால் பிழை அங்கேயே வெளியில் வரும்.

"சொகமாயிருச்சு" என்று நிறுத்துகிறவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. மனச்சோர்வுக்கான ஃபுளுஒக்செட்டின் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும்தான் தெரியும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். கவ்வாத்து வெட்டின மலையில் துளிர் தெரிந்த அன்றே யாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, செடி வாது கட்டும்வரை விடுகிறோம் என்று சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது.

"பேரு போயிரும்" என்பதற்கு மருந்தில் பதில் இல்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் போகும். நிலை சீரானவர்களுக்கு இரண்டு மாத மருந்து கேட்டுப் பார்க்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே மாதம் ஒரு நாள் கிளினிக் வைக்க முயலலாம். ஒபிசுக்குக் கடிதம் கொடுக்க நேர்ந்தால் "கிளினிக்குக்கு வந்தார்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. நோயின் பெயர் எழுதிய ஒரு துண்டு பிரட்டுக்களத்தில் வாசிக்கப்பட்டால், அந்த லயத்திலிருந்து வேறு யாரும் வர மாட்டார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் "அங்கொட" என்ற ஊர்ப்பெயரை வசவாக ஆக்கி வைத்திருக்கிற சமூகம் இது.

கோடாங்கியோடு சண்டை வேண்டாம். திருநீறும் நூலும் மாத்திரையோடு சேர்ந்தே இருக்கலாம். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கட்டிப்போடுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இந்த நான்கும் கூடாது என்பதில் மட்டும் உறுதி வேண்டும். விரதத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வைப்பதும் அவசியம். மனநிலை ஏற்றஇறக்கத்துக்கான லித்தியம் எடுப்பவர் உப்பில்லா விரதமோ தண்ணீர் குடிக்காத விரதமோ இருந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம் என்றால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பார்க்க இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. அன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தினமும் கசிப்போ சாராயமோ குடித்தவர் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக விடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு கத்தலாம். முனி இறங்கிவிட்டது என்று பந்தம் கொளுத்துகிற நேரத்தில் உயிர் போகக்கூடிய நிலை அது. மாலை போட ஒரு வாரம் முன்பே டொக்டரிடம் காட்டினால் மருந்தோடும் தயமின் விட்டமினோடும் பத்திரமாக விடலாம். அவருடைய விரதமும் முறியாது.

பேசுகிற இடம் ஒரு தனிப் பிரச்சினை. லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் கூட நடந்தால் பேச்சு வரும். அங்கேதான் அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்: "செத்துப் போயிடலாம்னு யோசன வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் தேவையில்லை, கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்கும். ஆமென்றால் அன்று தனியாக விடக்கூடாது. மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் கிருமிநாசினிப் போத்தல்களை அன்றே வெளியேற்ற வேண்டும். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 என்றிருந்த தற்கொலை வீதம் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது பெரிய காரணம். எட்டாத தூரத்தில் வைப்பது உயிரைக் காக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

மண்சரிவு தனியாகப் பேச வேண்டிய விஷயம். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும். முதல் வாரங்களில் தூக்கம் வராததும், மழைச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் நோயல்ல. என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது. சாப்பாடு, போர்வை, உறவுக்காரரின் தொலைபேசி இலக்கம், இவைதான் முதல் உதவி. ஆனால் முகாமில் முதல் நாளே விசாரிக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்கள். லயத்தோடு மாத்திரையும் போயிருக்கும், கிளினிக் கொப்பியும் போயிருக்கும். "வெள்ள மாத்திர, சின்னது" என்பதை வைத்துக்கொண்டு எந்த டொக்டரும் மருந்து எழுத முடியாது.

அதனால் புதுக் கொப்பியின் பின்பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கோடு அடித்திருக்கிறோம்: இப்போது எடுக்கும் மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசி ஊசி போட்ட திகதி. ஒவ்வொரு கிளினிக் முடிந்த அன்றும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பூட்டுப் போட்ட இன்னொரு போனில் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. பெயர்களின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்து, லய இலக்கம் மட்டும் தெரியும்படி.